ஆணையால் அகன்றவர்கள்: 'அகேடியன் ட்ரிஃப்ட்வுட்' என்ற பாடலும் 1755ஆம் ஆண்டும்

ராக் இசையில் வரலாற்றைப் பாடிய பாடல்கள் எவை என்று யார் கணக்கெடுத்தாலும், 'தி பேண்ட்' குழுவின் 'தி நைட் தே ட்ரோவ் ஓல்ட் டிக்ஸி டவுன்' அதில் தவறாமல் இடம்பெறும். 1969இல் வெளிவந்த அப்பாடல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்றுப்போன தென்மாநிலத்து ஏழை ஒருவனின் குரலில் அமைந்தது. 1971இல் ஜோன் பயஸ் பாடி வெளியிட்ட பிறகு அது இன்னும் பரவலாயிற்று. அதே குழுவிலிருந்து, அதே பாடலாசிரியரின் கையிலிருந்து, ஆறாண்டுகள் கழித்து இன்னொரு வரலாற்றுப் பாடல் வந்தது. 'அகேடியன் ட்ரிஃப்ட்வுட்' என்பது அதன் பெயர். நீரில் மிதந்து வந்து கரையொதுங்கும் மரத்துண்டையே ட்ரிஃப்ட்வுட் என்பார்கள். குழுவின் தீவிர ரசிகர்கள் இப்பாடலைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அந்த வட்டத்துக்கு வெளியே இதைக் கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களிலும், அதற்குள் பொதிந்திருக்கும் வரலாற்றைத் தேடிச் சென்றவர்கள் இன்னும் குறைவு.

அந்த வரலாற்றைத் தேடிச் செல்லும்போது ஒரு சிக்கலைச் சந்திக்கிறோம். பாடலின் ஆண்டுக்கணக்கு நிகழ்ந்தவற்றோடு பொருந்தவில்லை. கலைப்படைப்பில் தேதி பார்ப்பது சிறுபிள்ளைத்தனம் என்று இதைத் தள்ளிவிடலாம்தான். ஆயினும் இங்கே தேதி மாறும்போது குற்றத்தின் தன்மையே மாறிவிடுகிறது. ஆகவே பாடலையும் அதன் பின்னணியையும் சற்று நிதானமாக அருகருகே வைத்துப் பார்ப்போம்.

*

முதலில் குழுவைப் பற்றிச் சில சொற்கள். தி பேண்ட் ஐவர் கொண்ட குழு. ராபி ராபர்ட்சன், ரிச்சர்ட் மானுவல், ரிக் டாங்கோ, கார்த் ஹட்சன் ஆகிய நால்வரும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தவர்கள். டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடும் லெவான் ஹெல்ம் மட்டும் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்துப் பருத்தி விவசாயியின் மகன். ரானி ஹாக்கின்ஸ் என்ற பாடகரின் பக்கவாத்தியக் குழுவாகத் தொடங்கி, 1960களின் நடுவில் பாப் டிலனோடு இசைப்பயணம் சென்று, 1968இல் தம் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டுத் தனித்து நின்றவர்கள். மின்கிடாரின் அலறலும் மேடை ஆர்ப்பாட்டமும் உச்சத்தில் இருந்த காலத்தில், பழைய நாட்டார் பாடல்களின் சாயலில், தாத்தாக்களின் புகைப்படத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் போன்ற தோற்றத்தில் பாடினார்கள்.

'அகேடியன் ட்ரிஃப்ட்வுட்' இடம்பெற்றது 1975 நவம்பரில் வெளியான 'நார்தர்ன் லைட்ஸ் – சதர்ன் கிராஸ்' என்னும் இசைத்தொகுப்பில். கலிஃபோர்னியாவின் மாலிபுவில் குழு தனக்கென அமைத்துக்கொண்ட ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது அது. அதிலிருந்த எட்டுப் பாடல்களையும் எழுதியவர் ராபர்ட்சன். தொகுப்பின் பெயரே கவனிக்கத்தக்கது. வடதுருவ வானில் தோன்றும் ஒளித்திரை ஒருபுறம், தென்வானத்து விண்மீன் கூட்டம் மறுபுறம். வடக்கிலிருந்து தெற்கே தூக்கியெறியப்பட்ட ஒரு மக்களின் கதையைச் சொல்லும் பாடலுக்கு இதைவிடப் பொருத்தமான உறை இருக்க முடியாது.

பாடல் ஆறரை நிமிடத்துக்கும் மேல் நீள்வது. ஹெல்ம், மானுவல், டாங்கோ மூவரும் மாறி மாறிப் பாடுகிறார்கள். பல்லவியில் மூவரும் சேர்ந்துகொள்கிறார்கள். வெளியிலிருந்து அழைக்கப்பட்ட பைரன் பெர்லைன் ஃபிடில் வாசித்திருக்கிறார். ஹட்சன் அக்கார்டியன், பிக்கோலோ, பைப் முதலியவற்றைக் கொண்டு ஒரு கிராமத்துத் திருவிழாவின் ஓசையை எழுப்புகிறார். ஃபிடிலும் அக்கார்டியனும் லூயிசியானாவின் கேஜன் இசைக்கு உயிர்நாடியானவை என்பதை அறிந்தவர்களுக்கு, கதை எங்கே போய் முடியப்போகிறது என்பதை வாத்தியங்களே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

ராபர்ட்சனை இப்பாடலை எழுதத் தூண்டியது ஓர் ஆவணப்படம். பியர் பெரோ, மிஷேல் ப்ரோ இருவரும் இயக்கி 1971இல் வெளிவந்த 'லகாடி, லகாடி' என்ற அப்படம், 1960களின் இறுதியில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து மாங்க்டன் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழி உரிமைக்காகப் போராடிய அகேடிய மாணவர்களைப் பற்றியது. கடற்கரை ஊர்களில் மீன்பிடித்தும் மரம் வெட்டியும் பிழைத்த மக்களின் பிள்ளைகள், தங்கள் மொழியில் ஒரு நகரசபையிடம் பேசக்கூட முடியாமல் திணறியதை அது பதிவு செய்தது. ராபர்ட்சனின் தாய் ஒண்டாரியோவில் உள்ள ஆறு தேசத்தார் பழங்குடிக் குடியிருப்பில் வளர்ந்தவர். நிலத்தை இழந்தவர்களின் கதை அவருக்குப் படத்தைப் பார்த்துத்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

*

இந்த அகேடியர்கள் யார்?

1605இல் பிரெஞ்சுக்காரர்கள் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் போர்ட் ராயல் என்ற குடியேற்றத்தை நிறுவினார்கள். அப்பகுதிக்கு அகேடியா என்று பெயரிட்டார்கள். 1671இல் எடுக்கப்பட்ட கணக்கில் அங்கிருந்த குடியேறிகள் ஏறத்தாழ 400 பேர்தான். அந்தச் சிறு கூட்டத்திலிருந்தே, பெருமளவு பிறப்பின் வழியாக, எண்பது ஆண்டுகளில் பத்தாயிரத்தைத் தாண்டிய ஒரு சமூகம் வளர்ந்தது.

அவர்கள் வளர்ந்த விதத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஃபண்டி விரிகுடாவின் கடலோதம் உலகிலேயே மிக உயரமானது. சில இடங்களில் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும். ஓதம் ஏறும்போது கடலாகவும் வற்றும்போது சேறாகவும் கிடக்கும் உவர்ச் சதுப்புகளை அகேடியர்கள் மண்கரை எழுப்பி விளைநிலமாக்கினார்கள். கரையின் அடியில் மரத்தாலான ஒரு மதகு இருக்கும். அதன் உள்ளே கீல் பூட்டிய ஒரு கதவு. ஓதம் வற்றும்போது உள்நீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். ஓதம் ஏறும்போது கடல்நீரின் அழுத்தமே கதவை அடைத்துவிடும். ஆள் தேவையில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் மழையும் பனியும் உப்பைக் கழுவிய பின் அந்நிலம் கோதுமைக்கு ஏற்றதாகிவிடும். அபுவாட்டோ என்று இந்த மதகுக்குப் பெயர். ஒரு குடும்பம் தனியாக இதைக் கட்டிக் காக்க முடியாது. ஊர் கூடியே செய்யவேண்டும். ஆகவே அகேடியச் சமூகத்தின் ஒற்றுமை என்பது அவர்களுடைய கரையிலும் மதகிலும் கட்டப்பட்டிருந்தது எனலாம். அவர்கள் உழுத நிலம் பெரும்பாலும் கடலிடமிருந்து பெற்றது. ஆதலால் அம்மண்ணின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களோடு அவர்களுக்குப் பெரிய நிலப் பூசல் எழவில்லை. நட்பும் மண உறவும் இருந்தன.

1713இல் உட்ரெக்ட் ஒப்பந்தப்படி பிரான்ஸ் அகேடியாவின் தீபகற்பப் பகுதியைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. அன்றிலிருந்து அகேடியர்கள் பிரிட்டிஷ் மன்னரின் குடிகள். மொழி பிரெஞ்சு, சமயம் கத்தோலிக்கம், அரசு மட்டும் இங்கிலாந்து. மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் பிரெஞ்சுக்காரரையோ மிக்மாக் மக்களையோ எதிர்த்து ஆயுதம் ஏந்தமாட்டோம் என்ற ஒரு விலக்கைக் கேட்டார்கள். 1730இல் ஆளுநர் ரிச்சர்ட் ஃபிலிப்ஸ் அவர்களிடம் பிரமாணம் பெற்றபோது அந்த விலக்கை வாய்மொழியாகத் தந்தார். எழுத்தில் இல்லை. அந்த வாய்மொழியை நம்பிக் கால்நூற்றாண்டு வாழ்ந்தார்கள். 'நடுநிலைப் பிரெஞ்சுக்காரர்' என்றே ஆங்கில ஆவணங்கள் அவர்களைக் குறித்தன.

*

1749இல் பிரிட்டன் ஹாலிஃபாக்ஸ் நகரை நிறுவி, அப்பகுதியைத் தன் படைத்தளமாக்கத் தொடங்கியதும் நடுநிலைக்கு இடம் குறுகியது. 1754இல் வட அமெரிக்காவின் உட்பகுதியில் பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகள் மோதத் தொடங்கியிருந்தன. ஆயினும் இரு அரசுகளுக்கும் இடையே போர் முறைப்படி அறிவிக்கப்படவில்லை. 1755 ஜூனில் பிரிட்டிஷ் படை, பெரும்பாலும் நியூ இங்கிலாந்து வீரர்களைக் கொண்டு, எல்லையில் இருந்த பிரெஞ்சுக் கோட்டையான ஃபோர்ட் போசெஜூரைப் பிடித்தது. கோட்டைக்குள் சில நூறு அகேடியர்கள் ஆயுதத்தோடு இருந்தார்கள். தங்களைப் பிரெஞ்சுக்காரர் கட்டாயப்படுத்தினார்கள் என்பது அவர்கள் கூற்று. எல்லா அகேடியர்களும் எல்லாக் காலத்திலும் நடுநிலை காத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை, சிலர் காக்கவில்லை. அந்தச் சிலர்தான் மற்ற எல்லோருக்கும் எதிரான சாட்சியாக ஆனார்கள்.

நோவா ஸ்கோஷியாவின் துணைநிலை ஆளுநராக இருந்த சார்ல்ஸ் லாரன்ஸ், அகேடிய ஊர்ப் பிரதிநிதிகளை ஹாலிஃபாக்ஸுக்கு அழைத்து, விலக்கு ஏதும் இல்லாத முழுப் பிரமாணம் கேட்டார். அவர்கள் மறுத்தார்கள். 1755 ஜூலை 28 அன்று ஹாலிஃபாக்ஸில் கூடிய ஆட்சிமன்றக் குழு, அகேடியர்களை மாகாணத்திலிருந்து அகற்றுவதென்று முடிவு செய்தது. லண்டனிலிருந்து இதற்கென்று வெளிப்படையான உத்தரவு எதுவும் இல்லை. ஒரே இடத்துக்கு அனுப்பினால் மீண்டும் கூடிவிடுவார்கள் என்பதால், பல குடியேற்ற நாடுகளுக்குப் பிரித்து அனுப்பவேண்டும் என்பதும் திட்டத்திலேயே அடங்கியிருந்தது.

அந்த முடிவு எப்படி நிறைவேறியது என்பதற்குக் கிராண்ட் ப்ரே என்ற ஊரே சான்று. செப்டம்பர் 5 அன்று பத்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் அனைவரும் ஊர் மாதா கோயிலுக்கு வரும்படி அழைக்கப்பட்டார்கள். 418 பேர் வந்தார்கள். மாசசூசெட்ஸைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் ஜான் வின்ஸ்லோ ஆணையை வாசித்தார். நிலம், வீடு, கால்நடை யாவும் அரசுக்குப் பறிமுதல். பணத்தையும், கப்பலில் இடம் இருக்கும் அளவுக்குத் தட்டுமுட்டுச் சாமான்களையும் கொண்டுபோகலாம். இந்தப் பணி தம் இயல்புக்கு ஒவ்வாதது என்றும் அவர் அந்தக் கூட்டத்தில் சொன்னார். சொல்லிவிட்டுப் பணியைச் செய்தார். கதவுகள் அடைக்கப்பட்டன. அக்டோபரில் கப்பல்கள் புறப்பட்டன. திரும்பிவர இடம் இருக்கக்கூடாது என்று வீடுகளும் களஞ்சியங்களும் எரிக்கப்பட்டன.

மாசசூசெட்ஸ் தொடங்கி ஜார்ஜியா வரை பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளின் துறைமுகங்களில் அவர்கள் இறக்கப்பட்டார்கள். வர்ஜீனியா, தனக்கு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்க மறுத்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. அங்கே 1763 வரை அவர்கள் கைதிகளாகக் கிடந்தார்கள். 1758இல் லூயிஸ்பர்க் கோட்டை வீழ்ந்ததும், இன்று பிரின்ஸ் எட்வர்ட் தீவு எனப்படும் இடத்துக்குத் தப்பியோடியவர்களும் பிடிபட்டு பிரான்சுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த டிசம்பரில் 'ட்யூக் வில்லியம்' என்ற கப்பல் மூழ்கியபோது மட்டும் 350க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1755க்கும் 1763க்கும் இடையே நாடு கடத்தப்பட்டோர் பத்தாயிரத்துக்கும் அதிகம். கப்பலிலும், இறங்கிய ஊர்களில் அம்மையிலும் காய்ச்சலிலும் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

*

இனிப் பாடலுக்கு வருவோம்.

பாடல் தொடங்கும்போதே போர் முடிந்துவிட்டது. மனமுடைந்த ஒருவன் பேசுகிறான். படைகள் பின்வாங்குகின்றன, மக்கள் கூடி நின்று பார்க்கிறார்கள், ஒப்பந்தம் எழுதப்படுகிறது, ஊரைவிட்டுப் போகவேண்டி வருகிறது. தங்கள் துயரத்துக்கெல்லாம் ஆபிரகாம் சமவெளியில் நடந்ததே காரணம் என்பது கதைசொல்லியின் எண்ணம். ஆபிரகாம் சமவெளி என்பது கியூபெக் நகரத்தை ஒட்டியது. 1759 செப்டம்பர் 13 அன்று பிரிட்டிஷ் தளபதி உல்ஃபும் பிரெஞ்சுத் தளபதி மோன்காமும் மோதி, இருவருமே உயிர் இழந்த போர்க்களம். பிரெஞ்சுக் கனடாவின் தலைவிதி அங்கேதான் முடிவாயிற்று.

ஆனால் கிராண்ட் ப்ரே கோயிலின் கதவுகள் அடைக்கப்பட்டு அப்போது நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. பிரிட்டன் பிரான்சின் மீது முறைப்படி போர் அறிவித்ததே 1756 மே மாதம். முதல் கப்பல்கள் புறப்பட்ட 1755 அக்டோபரில் அகேடியர்கள் எந்தப் போரிலும் தோற்றவர்கள் அல்லர். அவர்கள் நாற்பத்திரண்டு ஆண்டுகளாகப் பிரிட்டிஷ் மன்னரின் குடிகளாக இருந்தவர்கள். அவர்களை அகற்றியது எதிரிப் படை என்று சொல்வதைவிட அவர்களுடைய சொந்த அரசாங்கம் என்று சொல்வதே பொருந்தும். ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, விவாதித்து, தீர்மானம் எழுதி, கப்பல் வாடகை பேசி, தலைக்கணக்கு எடுத்துச் செய்யப்பட்ட காரியம் அது.

ராபர்ட்சன் ஏன் இப்படி மாற்றினார் என்பதை ஊகிப்பது கடினமன்று. 'ஓல்ட் டிக்ஸி டவுன்' பாடலின் வெற்றி ஒரு வார்ப்பைத் தந்திருந்தது. போர் முடிகிறது, தோற்றவனின் வீட்டு வாசலில் நின்று கதை சொல்லப்படுகிறது. அந்த வார்ப்பில் அகேடியரின் கதையை ஊற்றும்போது, அதற்கு ஒரு தோல்வி தேவைப்படுகிறது. கனடியக் கேட்பவனுக்குத் தோல்வி என்றால் ஆபிரகாம் சமவெளிதான். பள்ளிப் புத்தகத்தில் படித்த பெயர். ஒரு சொல்லில் சூழலை நிறுவிவிடும். கலைஞனின் கையில் இது சுருக்கம். அந்தச் சுருக்கத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்பதே நம் கருத்து.

போரில் தோற்றவன் ஊரை இழப்பதை நாம் துயரத்தோடு ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். போர் என்றால் அப்படித்தான் என்று மனம் சமாதானம் அடைகிறது. உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலத்தவனுக்காவது அந்தச் சமாதானம் ஓரளவு பொருந்தும். அவன் தரப்பு போரிட்டுத் தோற்றது. அகேடியர்களோ போரிட மறுத்ததற்காகவே அகற்றப்பட்டவர்கள். இருவரையும் ஒரே அச்சில் வார்க்கும்போது, பிரமாணம் கேட்ட அரசும் வாய்மொழியை மறந்த அரசும் காட்சியிலிருந்து மறைந்துவிடுகின்றன. 2005இல் இந்நிகழ்வைப் பற்றி விரிவான நூல் எழுதிய அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜான் மேக் ஃபாராகர் இதை இனச்சுத்திகரிப்பு என்றே வகைப்படுத்துகிறார். போரின் பின்விளைவு என்ற சொல்லுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்!

*

பாடலின் தலைப்பும் இதே கேள்வியை எழுப்புகிறது. ஆற்றோடு போகும் தெப்பத்தை ஊழுக்கு உவமையாகக் கேட்டுப் பழகியவர்கள் நாம். மிதக்கும் மரத்துக்கு விருப்பம் இல்லை. அதைத் தள்ளும் நீருக்கும் வஞ்சம் இல்லை. அகேடியர்களின் அலைச்சலில் இரண்டுமே இருந்தன.

1755 அக்டோபர் தொடக்கத்தில் ஃபோர்ட் லாரன்ஸில் அடைக்கப்பட்டிருந்தவர்களில் 86 பேர் சுவரடியே சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அதே டிசம்பரில் வட கரோலினாவை நோக்கிப் புறப்பட்ட 'பெம்ப்ரோக்' என்ற கப்பலில் இருந்த 232 அகேடியர்கள், மாலுமிகளை மடக்கிக் கப்பலைக் கைப்பற்றி, செயின்ட் ஜான் ஆற்று முகத்துவாரத்துக்குத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். தெற்கே இறக்கப்பட்டவர்களில் சிலர் மறு ஆண்டே சிறு படகுகளில் கரையோரமாக வடக்கு நோக்கித் துடுப்புப் போட்டார்கள். கிடைத்த கரையில் ஒதுங்கிக் கிடந்தவர்கள் செய்யும் வேலையா இவை?

லூயிசியானாவின் கதையும் அப்படித்தான். பிரிட்டிஷ்காரர் அகேடியர்களை லூயிசியானாவுக்கு நாடு கடத்தினார்கள் என்று பலரும் எண்ணுகிறார்கள். அங்கே அவர்கள் யாரையும் அனுப்பவில்லை. அது அவர்களுடைய நிலமே அன்று. 1762இல் பிரான்ஸ் அதை ஸ்பெயினுக்குக் கொடுத்திருந்தது. அகேடியர்கள் அங்கே சென்றது போர் ஓய்ந்த பிறகு, தாமே தேடிச் சென்றது. 'போசோலேய்' என்று அழைக்கப்பட்ட ஜோசப் ப்ரூசார், பிரிட்டிஷாரை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து போரிட்டவர். 1764இல் ஏறத்தாழ 200 பேரைத் திரட்டி ஹாலிஃபாக்ஸிலிருந்து கப்பலேறி, 1765 பிப்ரவரியில் நியூ ஆர்லீன்ஸை அடைந்தார். அவ்வாண்டு முடியும் முன்பே அங்கே இறந்தும் போனார். பிரான்சில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒட்ட முடியாமல் இருந்தவர்களில் ஏறத்தாழ 1,600 பேர் 1785இல் ஏழு கப்பல்களில் லூயிசியானாவுக்குச் சென்றார்கள். சதுப்பு நிலமும் கரைகட்டும் வேலையும் அவர்களுக்குப் புதிதல்ல. 'அகாடியன்' என்ற பெயர் வாய்வழக்கில் 'காடியன்' ஆகி, ஆங்கில நாவில் 'கேஜன்' ஆயிற்று.

ஊரில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1759 நவம்பரில் வீசிய பெரும் புயலில் கவனிப்பாரற்ற மண்கரைகள் உடைந்து, கடல்நீர் வயல்களுக்குள் புகுந்தது. அடுத்த ஆண்டு நியூ இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட புதிய விவசாயிகளுக்கு அந்தக் கரைகளைச் சீர்செய்யத் தெரியவில்லை. அதற்காக அழைத்து வரப்பட்டவர்கள், அருகே கோட்டையில் சிறைப்பட்டிருந்த அகேடியர்கள். தாம் கட்டிய கரையை, தம் வயலில் குடியேறியவர்களுக்காக, கூலி பெற்றுக்கொண்டு அவர்கள் கட்டினார்கள். 1764இல் திரும்பிவர அனுமதி கிடைத்தபோதும், சிறுசிறு கூட்டங்களாகப் பிரிந்து வாழவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கிடைத்தது. பழைய வயல்கள் போயின. மேய்ச்சலும் கோதுமையும் அறிந்தவர்கள் பாறைக் கரைகளில் மீனவர்களானார்கள்.

*

இவ்வளவும் சொன்னபின், பாடலைக் குறைசொல்வதே நம் நோக்கம் என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. ஆவணங்கள் சொல்லாத ஒன்றை இப்பாடல் சொல்கிறது. நாடு கடத்தலின் துயரம் கப்பலேற்றிய நாளோடு முடிவதில்லை என்பதே அது. பாடலின் பிற்பகுதியில் கதைசொல்லி தென்னாட்டை அடைந்துவிடுகிறான். கரும்பு வயலில் வேலை, வெயில், வெள்ளம். பிழைப்புக்கு வழி இருக்கிறது. ஆனால் அந்தப் பருவம் அவனுடையதன்று. பிறந்த ஊரின் குளிரை அவன் உடம்பு தேடுகிறது. கதகதப்பான நாட்டை எட்டிய அகதி கடும் பனிக்காக ஏங்குவான் என்பது, எண்ணிக்கைகளையும் ஆணைகளையும் படித்து நாம் அறிந்துகொள்ளக்கூடியதன்று.

1847இல் லாங்ஃபெல்லோ எழுதிய 'இவாஞ்சலின்' என்ற நெடுங்கவிதைதான் அகேடியர் கதையை உலகறியச் செய்தது. அதில் காதலனைத் தேடியலையும் ஒரு கற்பனைப் பெண் ஒரு மக்களின் துயரத்துக்கெல்லாம் உருவமானாள். கிராண்ட் ப்ரேயில் இன்றும் அவளுக்குச் சிலை நிற்கிறது. ராபர்ட்சன் அந்த வழியில் போகவில்லை. காதலியும் இல்லை, மரணப்படுக்கைச் சந்திப்பும் இல்லை. மூன்று குரல்கள் ஒரே 'நான்' ஆகப் பேசுகின்றன. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்வதைக் கேட்கும்போது, பேசுவது ஒருவனா ஒரு குடும்பமா என்ற ஐயம் தோன்றுகிறது. அந்த ஐயமே பாடலுக்குப் பொருந்துகிறது. பிரித்து அனுப்பப்பட்ட மக்கள் இங்கே ஒரே பல்லவியில் கூடுகிறார்கள். அவர்களில் லெவான் ஹெல்ம் பிறந்த ஆர்கன்சாஸ், லூயிசியானாவுக்கு அண்டை மாநிலம். கனடியர்கள் வடக்கையும் அவர் தெற்கையும் கொண்டுவந்தார்கள். பாடலின் இறுதியில் ஆங்கிலம் விலகிப் பிரெஞ்சு ஒலிக்கிறது. இத்தனை நேரம் கதைசொல்லி அந்நிய மொழியில் பேசிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது.

1976 நவம்பர் 25 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த குழுவின் விடைபெறும் நிகழ்ச்சியான 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' மேடையில், நீல் யங்கும் ஜோனி மிட்செலும் இப்பாடலில் சேர்ந்து பாடினார்கள். இருவரும் கனடியர்கள்; இருவரும் ஊரைவிட்டு வந்தவர்கள். மார்ட்டின் ஸ்கார்சேசி அந்நிகழ்ச்சியைக் கொண்டு எடுத்து 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற படத்தில் இப்பாடல் இடம்பெறவில்லை. 2002இல் வந்த விரிவான இசைத்தொகுப்பில்தான் அந்தப் பதிவு வெளியாயிற்று. பாடல் பரவலாக அறியப்படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். குழுவின் ஐவரும் இன்று இல்லை. 2023இல் ராபர்ட்சனும் 2025 ஜனவரியில் ஹட்சனும் மறைந்தபின் அந்த மேடை முழுவதும் வெறுமையாகிவிட்டது.

*

அகேடியர்கள் மறையவில்லை. 1881இல் மெம்ராம்குக் என்ற ஊரில் தம் முதல் தேசிய மாநாட்டைக் கூட்டினார்கள். 1884இல் கொடியைத் தேர்ந்துகொண்டார்கள். 2012இல் கிராண்ட் ப்ரேயின் நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அவர்களுடைய முன்னோர்கள் வகுத்த கரைகளின் உட்புறத்தில் இன்றும் வேளாண்மை நடக்கிறது.

1990இல் லூயிசியானாவைச் சேர்ந்த வாரன் பெரின் என்ற வழக்கறிஞர், நாடு கடத்தலுக்குப் பொறுப்பேற்கும்படி பிரிட்டிஷ் அரசுக்கு ஒரு மனுவை முன்வைத்தார். நெடிய பேச்சுவார்த்தைகளுக்குப் பின், 2003 டிசம்பர் 9 அன்று கனடாவின் தலைமை ஆளுநர் ஏட்ரியன் கிளார்க்சன், இரண்டாம் எலிசபெத் அரசியின் பெயரால் ஓர் அரச பிரகடனத்தில் கையெழுத்திட்டார். நடந்தது நடந்ததுதான் என்று அது ஒப்புக்கொள்கிறது. சட்டப் பொறுப்பையோ இழப்பீட்டுக் கடமையையோ ஏற்கவில்லை என்றும் கவனமாகச் சொல்லிவிடுகிறது. 2005 முதல் ஆண்டுதோறும் ஒரு நாள் நினைவு நாளாக அனுசரிக்கப்படும் என்று அறிவிக்கிறது.

அந்த நாள் ஜூலை 28. ஆபிரகாம் சமவெளிப் போர் நடந்த நாளும் அன்று. ஒப்பந்தம் கையெழுத்தான நாளும் அன்று. 1755இல் ஹாலிஃபாக்ஸில் ஓர் அறைக்குள் சிலர் கூடித் தீர்மானம் எழுதிய நாள். பாடல் நழுவவிட்ட தேதியை நாட்காட்டி பிடித்து வைத்திருக்கிறது. குளிருக்காக ஏங்கும் அந்தக் குரலை எந்தப் பிரகடனத்திலும் எழுதிவிட முடியாது. அதற்குப் பாடல்தான் வேண்டும். வாய்ப்புள்ள நண்பர்கள் இந்தப் பாடலை ஒருமுறை முழுமையாகக் கேட்கவேண்டும் என்பது நம் விருப்பம். கேட்கும்போது 1759ஐ எடுத்துவிட்டு 1755ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதே மெட்டும் அதே குரல்களும் வேறு யாரையோ விசாரிக்கத் தொடங்குவதைக் காண்பீர்கள்.